கணப்பில் மூன்றில் ஒரு பங்கு

ஆசஹேல் செத்ததும் விதவைப் பங்கு பிரித்துக் கொடுக்கப் போன மூன்று பேரில் என் வீட்டுக்காரர் ரூபனும் ஒருவர். அவன் இரண்டாம் பெண்டாட்டி மெஹிட்டபெலுக்குக் கிழக்கு அறை, குளிர்காய அடுக்களைக் கணப்பின் முன் மூன்றில் ஒரு பங்கு இடம், அங்கே போட்டு உட்கார ஒரு கோரை நாற்காலி. எல்லாவற்றையும் எழுதினார்கள். அறையிலிருந்து கணப்புக்குப் போக வழி உண்டு என்று மட்டும் எழுத மறந்தார்கள். மூன்று ஆம்பிளைகள், மூன்று மூக்குக் கண்ணாடி, என்ன பிரயோசனம்?

மீதி வீடு ஆசஹேலின் மூத்தாள் மகன் எபருக்கு. அவன் பெண்டாட்டி ஹல்டா கிழக்கு அறைக்கும் அடுக்களைக்கும் நடுக்கதவில் ஆணி அடித்து மூடிவிட்டாள்; அவன் தடுக்கவில்லை. கிழக்கு அறையில் கணப்பு கிடையாது. முற்றத்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. திறந்தால் இடுப்பளவு பனி. சுற்றி வந்தாலும் முன்வாசல் மெஹிட்டபெலின் பங்கில் இல்லை.

கேட்டே தீருவதென்று அவர்கள் அடுக்களைக்குப் போனேன். தரையில் கரிக்கோடு போட்டுப் பிரித்த மெஹிட்டபெல் பங்குக்குள், நெருப்புக்கு வெகு கிட்டத்தில், நாற்காலி காலியாக நின்றது. எபர் மேசையில் சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"அவங்க நாற்காலிய நான் தொடக்கூட இல்லக்கா," என்றாள் ஹல்டா. "வந்து உக்காரட்டும். யாரு வேணாங்கறா?"

"எந்த வழியா வருவா? புகைபோக்கி வழியாவா?"

"அத உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சரி. இது அவ இடம், நான் அவ விருந்தாளி. ஆணியப் பிடுங்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்," என்று அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

வாரக்கணக்காக நெருப்பில் காய்ந்த கோரை. பொடபொடவென்று அறுந்தது. நான் நாற்காலிச் சட்டத்துக்குள் சிக்கி, முழங்கால் முகத்தில் இடிக்கக் கிடந்தேன். ஹல்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபோது கதவுக்கு அப்பாலிருந்து மெஹிட்டபெல் என்னைக் கூப்பிட்டாள். "டார்கஸ், நாற்காலிக்கு என்ன ஆச்சு? அது நின்னாத்தானே அங்க எனக்குன்னு ஒரு இடம்?"

எனக்கு அழுகைதான் வந்தது.

எபர் எழுந்தான். சின்னப் பிள்ளையிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். கைகொடுத்து என்னை வெளியே இழுத்தான். உடைந்ததை ஓரமாக வைத்துவிட்டு, மேசையடியிலிருந்த தன் நாற்காலியைக் கொண்டுவந்து கோட்டுக்குள் போட்டான். நெருப்பிலிருந்து சற்றுத் தள்ளியே போட்டான். அடுத்து அவன் கை ஆணி பிடுங்கும் குறட்டுக்குத்தான் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவருகே போய் நின்றான். "உங்க இடம் பத்திரமா இருக்கு சித்தி," என்றான்.

பிறகு ஆணியைத் தொடாமலே வந்து, நின்றபடியே மீதிக் கஞ்சியைக் குடித்தான்.