சம்பளச் சீட்டு இல்லாத பெண்டாட்டி

குளிர்ப்பெட்டியை இழுத்துக் காட்டியதும் நான் செய்த முதல் காரியம், அவன் காலைக் கிள்ளியதுதான். பிணவறைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "செத்துட்டாரும்மா, நம்புங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை தடவை இப்படிச் செத்தவன் மாதிரிக் கிடந்திருக்கிறான். போதையில் கிடக்கிறானே, ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடலாம் என்று கால் எடுத்து வைத்தால், கணுக்காலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதுவான். அதனால் நகம் பதிய இன்னொரு தடவை கிள்ளினேன். மஞ்சள் பூத்த தோல், பிசைந்து வைத்த மாவு மாதிரி, கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. சரி, செத்துத்தான் போயிருக்கிறான்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மஞ்சள் காமாலை, தெருவோரம் மயக்கம், யாரோ புண்ணியவான் ஆம்புலன்சுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள். அவ்வளவு சுலபமாகப் போய்விட்டானே பாவி! சட்டைப்பையில் ஒரு பழைய அட்டை. அதில் பெண்டாட்டி என்ற இடத்தில் என் பெயரும் என் போன் நம்பரும். பதினாலு வருஷமாக இன்னொருத்தி வீட்டில் இருந்தவன், பிணமானதும் என்னிடம் வந்து சேர்ந்தான்.

வலது முன்கையில் முழங்கை வரை நீண்ட தையல் தழும்பு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது என் கைவேலை. "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டி" என்று சொல்லிச் சொல்லித்தான் அடிப்பான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. ஏழு வருஷம் வாங்கினேன். ஒருநாள் மத்தியானம், அக்கம்பக்கத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முடியைப் பிடித்தான். இஸ்திரிப் பெட்டி ஆறிப்போய்க் கையில் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டி, குழந்தை கனம் கனக்கும். திரும்பி ஒரே வீச்சு. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. உள்ளே தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கினார்கள். பெண்டாட்டி அடித்தாள் என்று வெளியே சொல்ல முடியுமா? லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னான். அதற்கப்புறம் என் மேல் அவன் கை நீளவில்லை. கட்டுப் பிரித்த மூன்றாம் மாதம் வீட்டை விட்டே போய்விட்டான்.

போன இடத்துக்காரியை நான் சின்னவள் என்று சொல்வேன். வேறு பெயர்களும் வைத்திருக்கிறேன், அதெல்லாம் இங்கே எதற்கு. வேண்டாத புருஷன்தான், ஆனாலும் என் புருஷன். விவாகரத்துக் காகிதம் அனுப்பினான், சுக்குநூறாகக் கிழித்து அவன் ஆளிடமே கொடுத்தனுப்பினேன். அவள் ஒருநாள் நான் வேலை செய்கிற சலவைக்கடைக்கே வந்து நின்றாள். என்ன தைரியம் இருந்தால் என் முன்னால் வந்து நிற்பாள்! வாயைத் திறக்க விடவில்லை. சட்டைக் காலரிலிருந்த பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகின வாசனை ரெண்டு நாள் கடைக்குள்ளேயே நின்றது. முதலாளி அரைநாள் சம்பளம் பிடித்தார்.

இப்போது எனக்கு ஒரே ஒரு ஆசைதான். சொன்னால் பொல்லாதவள் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அவனை நெருப்புக்குள் தள்ளுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். கதவு மூடுகிற வரைக்கும் நின்று பார்க்க வேண்டும். பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

"நாலாம் நாள்ல இருந்து பெட்டிக்கு வாடகை ஏறும்மா. அதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடுங்க" என்றார் பிணவறைக்காரர்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இறுதிக் காரியம் எடுத்துச் செய்கிற ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே டை கட்டிய ஒரு ஆள். கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் பாலிஷ் போட்ட பெட்டி, பூ, கண்ணாடி வண்டி. "ஆகக் குறைஞ்சது எதுங்க?" என்று கேட்டதும் முகம் சுருங்கி, கடைசிப் பக்கத்துக்குப் போனார். பூ கிடையாது, வண்டி சாதா வண்டி. அதுவே என் ரெண்டரை மாசச் சம்பளம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இவன் இருந்தாலும் தண்டம், செத்தாலும் தண்டம்.

"தவணை வசதி இருக்கு மேடம்."

"அவன் அடியையே தவணையிலதாங்க வாங்கினேன். சாவையுமா?" என்று எழுந்துவிட்டேன்.

நகராட்சிச் சுடுகாட்டு ஆபீசில் கேட்டேன். அங்கே பாதிதான், ஆனாலும் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேலே. முதலாளி பத்து நாள் சம்பளத்தை முன்பணமாகத் தருகிறேன் என்றார். மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால் படித்து முடித்துவிட்டு அவர்களே செலவில்லாமல் எரித்துவிடுவார்கள் என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். போன் போட்டேன். காமாலைக் கிருமி இருக்கிற உடம்பு வேண்டாமாம். உயிரோடு இருந்தபோதே யாருக்கும் உதவாத உடம்பு, செத்த பிறகா உதவப் போகிறது.

கடைசியாகப் போனது ஏழைகளுக்கு அடக்கச் செலவு கொடுக்கிற உதவி ஆபீசுக்கு. நீளமான தாழ்வாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கூண்டுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்ட ஒரு அம்மா. என் முறை வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினேன். பிச்சை கேட்க வந்தவள் என்று நினைத்துவிடக் கூடாதே. பதிமூணு வருஷமாக ஒரே கடையில் நின்று உழைக்கிறேன், முத்திரை குத்திய சீட்டு. என்னிடம் பெருமைப்பட இருந்த ஒரே காகிதம் அதுதான்.

அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை ஏம்மா காட்டினீங்க? மாசச் சம்பளம் வாங்கற பொண்டாட்டி இருந்தா உதவி கிடையாது. இப்ப நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாதே."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அந்த அம்மா குரலைத் தணித்தார். "கடைசியா யார் கூட இருந்தாரு?"

சொன்னேன்.

"அந்தம்மாவுக்குச் சம்பளச் சீட்டு இருக்கா?"

"நாலு வீடு பெருக்குறா. சீட்டு எங்க இருக்கும்?"

"அப்ப ஒரு வழி இருக்கு. எனக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்ல, பிரிஞ்சாச்சு, எந்த உரிமையும் கேக்க மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். கூட இருந்தவங்க பொண்டாட்டின்னு மனு குடுக்கலாம். பூராச் செலவும் நாங்க ஏத்துக்குவோம்." மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "ஆனா இலவசத்துல சடங்கு, கூட்டம் எதுவும் கிடையாது. மனு குடுத்தவங்க ஒருத்தர்தான் உள்ள போக முடியும்."

நான் கிழித்த காகிதத்தைச் செத்த பிறகு ஒட்டவைத்து என்னிடமே கையெழுத்து வாங்குகிறானே! வெளியே வந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் சின்னவள் வீட்டுக் கதவை உதைத்தேன். திறந்தவள் என்னைப் பார்த்ததும் கையால் முகத்தை மறைத்தாள். சேதி அவளுக்கு ஏற்கனவே எட்டியிருந்தது. "அவன் செத்துட்டான். நீதான் பொண்டாட்டி. கிளம்புடி" என்றேன். வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னதும் துள்ளி எழுந்தாள். "நான் எதுக்குப் பொண்டாட்டியாகணும்? நீதானே பொண்டாட்டி, பொண்டாட்டின்னு தெருத்தெருவா கத்தினே! நீயே வச்சுக்கோ!"

"பதினாலு வருஷம் படுத்தவ நீ!"

"நீ கட்டினவ!"

யார் முதலில் கை வைத்தது என்று கேட்டால், நான்தான். முடியைக் கொத்தாகப் பிடித்தேன். அவள் திருப்பி அடிக்கவில்லை, என்னைப் பிடித்துத் தள்ள மட்டும் பார்த்தாள். நாற்காலி வரிசை சரிந்தது. ஒருத்தர் காகிதங்கள் எல்லாம் பறந்தன. புருஷனுக்காக ரெண்டு பெண்டாட்டிகள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள், வேண்டாம் வேண்டாம் என்று ஒருத்தி தலையில் ஒருத்தி கட்ட அடித்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். காவலாளி நடுவில் புகுந்து, என் அடியையும் அவள் தள்ளலையும் சேர்த்து வாங்கி, பிரித்துவிட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், மேல்வரிசையில் நாலு பல் இல்லை. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, முடிக்குள் விரலை நகர்த்தினாள். மண்டையில் ஒரு இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது.

"எல்லாம் வலது கைதான்க்கா. இடது கையால அடிச்சா தாங்கிடலாம். வலது கையில தகடு வச்சிருக்குல்ல, லாரியில இருந்து விழுந்தப்ப. அதான் இரும்பு மாதிரி விழும். 'உள்ள இரும்பு இருக்குடி'ன்னு சொல்லிட்டேதான் அடிப்பான்." மூக்கைச் சிந்தினாள். "அன்னிக்கு உன் கடைக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்சே? அவனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போன்னு கால்ல விழ வந்தேன். நீ சூடு வச்சு அனுப்பினே."

அவள் முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் கூர் முனை சுட்ட தழும்பு இன்னும் தெளிவாக இருந்தது. ஒரு வீச்சில் அவனை அடக்கிவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவன் எங்கே அடங்கினான்? அடிவாங்க ஆள் மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். அந்தக் கைக்கு இரும்பு போட்டு அனுப்பியதும் நான்தான்.

எழுந்து கூண்டுக்குப் போனேன். "எங்க எழுதணும்?" என்றேன். உறவு என்ற கட்டத்துக்கு எதிரே 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சின்னவளிடம் தாளைக் கொடுத்து, "செலவு ஒரு காசு இல்ல. நீ போய் நின்னா போதும். ஆனா கதவு மூடற வரைக்கும் கண்ணை எடுக்காம பார்க்கணும், எனக்கும் சேர்த்து" என்றேன். அவள் பெருவிரலை மையில் வைத்தாள்.

மறுநாள் சுடுகாட்டு வாசலில் காவலாளி என்னை நிறுத்திவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். வண்டி என்னைத் தாண்டிப் போனபோது, எழுதிக் கொடுத்ததெல்லாம் மறந்து கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினேன். "உள்ள விடுய்யா! என் புருஷன்யா அவன்!"

"பேப்பர்ல அப்படி இல்லையேம்மா" என்றார் அவர், மரியாதையாகத்தான். அவன் அடித்த எந்த அடியும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். சரளைக்கல் பரப்பிய வாசல், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புகைபோக்கியில் புகையாவது தெரியும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. நல்ல மெஷினாம். மேலே காற்று மட்டும் லேசாக நெளிந்தது.

ரெண்டு மணி நேரம் கழித்து, சாம்பல் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "பாத்தேன்க்கா. கண்ணைச் சிமிட்டல. மூடிட்டாங்க." பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். "இது மட்டும் எரியலையாம். வேணுமா, குப்பையில போடவான்னு கேட்டாங்க."

ஒரு தகடு. சாண் நீளம்கூட இல்லை. ஆறு ஓட்டை, ஆறு திருகாணி. நெருப்பில் நிறம் மாறி, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அவள் கையில் வைத்தேன். "இவ்வளவுதானா? ஒரு கனமும் இல்லையே" என்றாள். "இதுவாக்கா அப்படி விழுந்துச்சு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் அந்தத் தகடு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கும்போது என்னால் பொய்யாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"லாரியில இருந்து விழல. நான் அடிச்சு உடைச்சது. அது ஆறினதும்தான் உன்கிட்ட வந்தான்."

அவள் நிதானமாகத் திரும்பினாள். "எதால அடிச்சே?"

"இஸ்திரிப் பெட்டியால."

தன் முழங்கையைத் தடவினாள். "இதே பெட்டியா?"

"அதே பெட்டிதான். கடைக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன்."

பளார் என்று ஒரு அறை விழுந்தது. காது அடைத்து, வாயில் உப்புக் கரித்தது. பதினாலு வருஷத்தில் அவள் என்னை அடித்தது அது ஒன்றுதான். அவள் மடியிலிருந்த பொட்டலம் தெறித்து, தகடும் திருகாணிகளும் சரளைக்கல்லில் சிதறின. வாசல் காவலாளி எழுந்து நின்றார். திருப்பி அடிக்க என் கை எழவில்லை. அடித்த கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேவிக் கேவி அழுதாள், அவனுக்காக இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் முதலில் குனிந்தேன். பிறகு அவளும் சாம்பல் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு இறங்கினாள். தகடு கிடைத்தது. ஒவ்வொன்றாகத் திருகாணிகளைப் பொறுக்கினோம். அஞ்சு கிடைத்தன. வெயிலில் கல்லெல்லாம் ஒரே மாதிரி மினுங்கின. ஆறாவதைத் தேடி, தலை இடிக்க, ரெண்டு பேரும் மண்டியிட்டுத் தடவிக்கொண்டே போனோம்.