நாரைப் படமும் அப்பாவின் குரலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ளூரே தகட்டின் மேல் வந்த எரிச்சலில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். தம்பி செசாரி வாங்கி அனுப்பிய தகடு. சின்ன வயதில் நாங்கள் பார்த்த நாரைப் படத்தைக் கீறல் நீக்கி, நிறம் மீட்டுப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது எண்பத்தாறில் அப்பா பதிந்த வீடியோ கேசட். எங்கள் ஊரான ராதோமுக்கு அந்தக் கார்ட்டூன் ஜெர்மன் மொழியில்தான் வந்து சேர்ந்தது. ஜெர்மன் வாத்தியாரான அப்பா அதை எங்கள் மொழிக்கு மொழிபெயர்த்து, மைக் முன்னால் உட்கார்ந்து, எல்லாருக்கும் தானே பேசினார். ராஜா, நாரை, நாரையின் மாமியார், எல்லாம் ஒரே குரல், ஏற்ற இறக்கமே கிடையாது. (எங்கள் ஊரில் வெளிநாட்டுப் படங்களை அப்படித்தான், அசல் சத்தத்துக்கு மேலேயே ஒருவர் வாசிக்கக் கேட்போம். வாசிக்கிறவர் நடிக்க ஆரம்பித்தால் எங்களுக்குக் கூச்சமாகிவிடும்.)

அப்பா போய்ப் பதினோரு வருடம். ஜூலை முதல் தேதி அம்மாவின் பெயர்நாள், அவள் பெயருள்ள புனிதருக்கான நாள். அன்றைக்கு வருடா வருடம் அந்தக் கேசட்டைத்தான் போடுவோம். இந்த வருடம் எதைப் போடுவது? பிரச்சினை இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: “மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் அம்மா ஜன்னலோரம்...”

பொய். நல்ல வெயில். அம்மா சமையலறையில் செர்ரிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

செசாரியை முதல் வரைவில் கல்நெஞ்சனாக எழுதியிருந்தேன். போனில் அவன் பேசியது இது:

“அக்கா, அந்த நாரை சாம்பல் இல்லயாம், நீலமாம்! நாப்பது வருஷமா அழுக்கைப் பாத்துட்டு இருந்திருக்கோம்.”

“அப்பா குரல் இருக்கா அதுல?”

“அது எப்படி இருக்கும்? அசல் மொழில பேசும், கீழ எழுத்து ஓடும். அப்பாவத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சாச்சே, எப்ப வேணா கேட்டுக்கோ.”

“எப்ப வேணா கேக்கலாம்னா யாரும் கேக்க மாட்டாங்கடா.”

“கேசட்டைப் பூஞ்சை பிடிக்காமப் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு வைத்தான். அதனால் வரைவில் ‘கல்நெஞ்சன்’ என்பதை அடித்துவிட்டேன்.

3

(இங்கே அம்மா கேசட்டைக் கேட்டு அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அம்மாவைக் கேட்காமல் எழுதியது.)

“எதைப் போடட்டும்மா?”

“புதுசு.”

“அதுல அப்பா இருக்க மாட்டாரும்மா.”

“தெரியும்டி. நாரை குளத்தை விட்டுப் போறப்ப ஒரு பாட்டு வருமே, நீ அதைக் கேட்டிருக்கியா?”

“அதுக்கு மேல அப்பா வாசிச்சிருப்பாரே.”

“ஆமா, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி! பக்கத்துல உக்காந்து தாள் திருப்புனவ நான். பாட்டையாவது விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். ‘ஜனங்களுக்கு அர்த்தம் தெரியணும், ஹலினா’ன்னுட்டார். சாகறதுக்குள்ள ஒரு தடவை அதை முழுசாக் கேக்கணும்.”

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவை இன்னொரு தடவை இழக்கப்போகிறேன் என்ற பயம் அது. இருந்தாலும் தகட்டைப் போட்டேன்.

4

நாரை நீலம்தான். அழகாகத்தான் இருந்தது. பாட்டு தொடங்கியது, புரியாத மொழியில் மெல்லிய பெண்குரல். மடியில் செர்ரிப் பூரணம் வைத்த பியெரோகிக் கொழுக்கட்டைத் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

“குளமே, என் முட்டைகளைப் பார்த்துக்கொள். நான் திரும்பும்போது பனி பெய்திருக்கும்.”

ஏற்ற இறக்கமே இல்லை. வரிக்கு அரை நொடி பின்தங்கி, ஒரு சொல் பிசகாமல், பாட்டு முடியும்வரை சொன்னாள். பிறகுதான் திடுக்கிட்டாள்.

“ஐயய்யோ, கேக்கவே இல்லயே! திரும்பப் போடு.”

போட்டேன். இந்தத் தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குள்ளிருந்து அப்பா வாசித்துக்கொண்டிருந்தார்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அம்மா பாட்டைக் கேட்டுவிடுகிறாள்: அப்படியானால் அப்பா போய்விட்டார். கேட்கவே முடியவில்லை: அம்மா பாவம். மூன்றாவதில் நானும் சேர்ந்து சொல்கிறேன். சினிமாத்தனமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

“இன்னும் ஒரே தடவைடி,” என்கிறாள் அம்மா. ரிமோட் என் கையில் இருக்கிறது. அழுத்தவும் மனமில்லை, அழுத்தாமல் இருக்கவும் மனமில்லை. இந்தாருங்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அழுத்துவதானால் சீக்கிரம் அழுத்துங்கள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.