போசோ ஓந்தோவில் ஒருவர்

குவாயாகில் நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டில் எனக்கு வேலை. யாருக்கு என்ன புற்று, எந்த ஊர், எந்தத் தெரு என்று எண்ணுகிற இடம். ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் ஒரு மனிதரை உயிரோடு சாகடித்தது.

லிந்தாவோ தொமலா என்ற குடும்பப் பெயரில் இரண்டு அட்டைகள். ஒன்றில் நிக்கானோர் எலெவுத்தேரியோ, மற்றதில் எலெவுத்தேரியோ நிக்கானோர். ஒரே கதவு எண். நோயும் ஒன்றே, நாள்பட்ட ரத்தப் புற்று. தினம் மாத்திரை விழுங்கினால் ஆள் வேலைக்குப் போகலாம், நிறுத்தினால் படுக்கைதான். லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது ஒரே வீட்டில் இரண்டா? குமாஸ்தா பெயரை முன்பின்னாக எழுதிவிட்டான் என்று இரண்டையும் ஒன்றாக்கினேன். அடையாள எண் கட்டம் காலியாகக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மே மாதம் எலெவுத்தேரியோவின் இறப்புச் சீட்டு வந்தது. ஒன்றாக்கிய அட்டையில் 'இறந்தார்' என்று முத்திரை குத்தி, வழக்கம்போல ஒரு பிரதியை மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கோப்பு எடுக்க அங்கே போனால், மாத்திரை ஜன்னலில் ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாருங்க, மூச்சு விடுறேன்ல. செத்தது எங்கண்ணன்."

அவர்தான் நிக்கானோர். பதினெட்டு நாளாக அவருக்கு மாத்திரை இல்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

"எங்கப்பாருக்குப் பேர்ப் பஞ்சம் தாயி. இருந்த ரெண்டு பேரையும் முன்னப்பின்ன மாத்தி வச்சுட்டாரு" என்றார்.

செத்தவரைப் பிழைக்கவைக்க வேண்டுமானால் வீட்டை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. நான் வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. வீட்டுக்கார அத்தை ஊரில் இல்லை என்றார், தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போதே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

அத்தை மெலானியா வீட்டில்தான் இருந்தாள், வாழைக்காய் பொரித்துக்கொண்டு. ஒரே அறை, ஒரே கட்டில். ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்கள் இங்கே குடியிருக்கவில்லை என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நகரத்தில் குடியிருப்பவருக்குத்தான் மருத்துவமனை மாத்திரை தரும், அதற்கு அத்தாட்சி மின்சார ரசீது. எங்கள் பக்கம் ரசீதை இரவல் கொடுக்காத வீடு கிடையாது. எனக்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது யாரோ ஒரு சித்தியின் ரசீதில்தான். அதை மறந்துவிட்டு மேஜைமேல் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறேன்.

அண்ணன் தம்பி இருவரும் போசோ ஓந்தோவாம், நகருக்கு வெளியே, ஆற்றோடு மேலே போனால் வரும் வாழைத்தோட்டத்து ஊர். மெலானியா மறைக்கவில்லை. இதே நோயோடு வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இருவர் அவள் ரசீதில்தான் மாத்திரை வாங்குகிறார்கள் என்றாள். பெயர் வேறாக இருந்ததால் என் கண்ணில் படவில்லை.

ஊரில் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணூறு இருக்கும், நால்வருக்கும் நோய் கண்டது இந்த நான்கு வருஷத்தில்தான் என்றாள்.

எண்ணூறு பேரில், நான்கு வருஷத்தில் நான்கு. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தோட்டத்தின்மேல் விமானம் தெளிக்கிற மருந்தா, தண்ணீரா, வெறும் தற்செயலா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் நான்கு பேரும் அந்த ஊர்க் கணக்கில் ஏற வேண்டும். அப்போதுதான் யாராவது போய் ஊராரின் ரத்தத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அப்படி எழுதினால் உயிரோடிருக்கும் மூன்று பேருக்கும் மாத்திரை நின்றுவிடும். ஒளிக்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மெலானியா அடுப்பை அணைத்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எலெவுத்தேரியோவுக்கு இனி மாத்திரை வேணாம். அவன ஊர்க் கணக்குல எழுதிக்கோ. மத்தவங்க என் வீட்டுலயே இருக்கட்டும்."

"ஒருத்தர வச்சு யாரும் வரமாட்டாங்கக்கா."

"அப்ப இந்த மூணும் சாகட்டும்னு எழுதுறியா?"

மறுநாள் அவள் சொன்னபடியே எழுதினேன். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். நிக்கானோருக்கு அன்றைக்கே மாத்திரை கிடைத்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, கோப்பைச் சாக்கு வைத்து மாத்திரை ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். மூன்று தலையும் வரிசையில் தெரிந்தால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

போன மாதம் அவர்களுக்குப் பின்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். நிக்கானோர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் கையில் இருந்தது மெலானியாவின் ரசீது. போசோ ஓந்தோவின் ஐந்தாவது ஆள்; அவளுடைய அட்டையும் என் மேஜைக்குத்தான் வரும்.