ஆஸ்பத்திரியில் குறி கேட்டேன்

நான்காவது கீமோ ஊசியைப் போட்டுக்கொள்வதில்லை என்ற முடிவோடுதான் அன்றைக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அதை அழிக்கத்தான் இந்த ஊசிகள். மூன்று போட்டதில் தலைமுடி போயிற்று, நாக்கு செத்துப்போயிற்று. போதும் என்று போன முறையே நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "எதுக்கும் அடுத்த தரம் வர்றப்ப ராதிகா மேடத்தப் பாத்துடுங்க. மனசுக்கு அவங்கதான் பாக்கறாங்க," என்றார்.

மனசு சரியில்லை என்றால் எங்கள் சங்கராபுரம் பக்கத்தில் குறி கேட்கப் போவோம். மலையடிவாரத்தில் இருசம்மாள் சொல்வாள். வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். வந்த காரியத்தை அவள்தான் சொல்ல வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அப்புறம் அவள் எதற்கு? இங்கேயும் அதுதான் முறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட வந்த கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ராதிகா சின்னப் பெண். மேசைமேல் வெற்றிலையையும் பழத்தையும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா."

நான் சொல்லவில்லை. வாய் இல்லாமல் இல்லை. நடவு ஆட்களுக்கெல்லாம் நான்தான் தலைமை. வரப்பின் மேல் நிற்கிற நிலத்துக்காரரோடு மல்லுக்கு நிற்பவள் நான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. அவளும் அவசரப்படவில்லை. இரண்டு பேருக்கும் அழுத்தம் ஜாஸ்தி.

கடைசியில் நான்தான் பொறுமை இழந்தேன். "நீயே சொல்லும்மா. தெரிஞ்சாதான இங்க குந்திக்கினு இருப்ப."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள், கேலியாக இல்லை. "எனக்குக் குறி சொல்லத் தெரியாதுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. தெரியாதவளுக்கு எதற்குத் தனி அறை, எதற்கு மின்விசிறி? ஆனால் இருசம்மாள் ஒருநாளும் தெரியாது என்று ஒப்புக்கொண்டதில்லை. அதனால் இவளைக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

"சும்மா சொல்லிப் பாரு. தப்புன்னா நான் சொல்றேன்."

"வலிக்குப் பயமா இருக்கா?"

"புள்ள பெத்த மூணாம் மாசம் நடவுக்குப் போனவ நான்."

"செத்துடுவோமோன்னு?"

"அது எல்லாருக்கும் வர்றதுதான."

"முடி போச்சேன்னு வருத்தமா?"

"முடிதான, மொளைக்கும்."

"வீட்டுல யாராச்சும் திட்டறாங்களா?"

"திட்டினாத்தான் தேவலயே," என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

"எங்க வூட்டுக்காரரு எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கி வருவாரு. கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சண்ட, கம்மின்னு சண்ட. நானும் வுட மாட்டேன். அப்பிடித்தான் இத்தினி வருசமா குடும்பம் பண்ணிக்கினு இருந்தோம். இப்ப உப்பே போடாத வெச்சாலும் நல்லா இருக்குதுன்னு துன்றாரு. இனிமே ஊசி வேணாம்னு சொன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? உன் இஷ்டம்னாரு."

அதற்கு மேல் அழுகைதான். ஊர்ச் சாவுக்கெல்லாம் ஒப்பாரி வைக்கிறவள், எனக்காக அழுதது அன்றைக்குத்தான். "உசுரோட என்னப் படமா மாட்டிட்டாங்கம்மா," என்றேன்.

ராதிகா தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்லவில்லை. "ஊசி போட்டுத்தான் ஆவணும்னு அவர் சொல்லியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"சண்ட போட்டுட்டுப் போட்டிருப்பேன்."

"வெளியதான இருக்காரு. எங்கிட்ட சொன்னத அவர்கிட்டயும் சொல்றீங்களா? நான் கூட இருக்கேன்."

என் கணவர் சுப்புராயன் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். யாரோ வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊசி வேணாம்னா உன் இஷ்டம்னியே, நான் சாவறது என் இஷ்டமா?"

அவர் தரையைப் பார்த்தார். "வர்றவங்க எல்லாம் மனசு நோவாத பாத்துக்கன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. எதுத்துப் பேசினா உனுக்கு எதுனா ஆயிடுமோன்னு..." என்று இழுத்தார்.

"நீ பேசாததுதான் நோவுது."

அவ்வளவுதான். அறுவை சிகிச்சை நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. எழுந்து நின்று கத்தினார். "அறிவு கீதாடி உனுக்கு? பாதிக் கழனிய நட்டுட்டுக் கரை ஏறுவியா நீ? நீ பூட்டா நான் இன்னாடி பண்ணுவேன்? யாருகிட்ட பேசுவேன்?"

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். ராதிகா கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. நானும் எழுந்து நின்றேன்.

"கத்தாத. இன்னிக்கி ஊசி போட்டா நாலு நாளைக்கி என்னால எழுந்திருக்க முடியாது. சோறு யாரு ஆக்கறது?"

"நான் ஆக்கறேன்."

"உனுக்கு ஒல வெக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீ படுத்துக்கினு திட்டு, நான் ஆக்கறேன்."

ஊசி போடுகிற அறை வரைக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் போனோம்.