செய்மதிக்குத் தெரியாத இடங்கள்

ஆசிரிய ஆலோசகர் எதையும் லேசில் மெச்சுகிற மனுசன் இல்லை. அவர் என் பாடத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, மற்றப் பாடசாலைகளுக்கும் காட்ட வேணும்" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வடக்கில் சண்டை உச்சத்தில் நின்றது. நான் கமலாசனி, கண்டி நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற ஒப்படை வேண்டாம், பிள்ளை தானே தேடிச் செய்து பார்க்கட்டும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் எங்களுக்கு ஓதிக்கொண்டிருந்தார்கள். சரி, செய்து காட்டுகிறேன் என்று வீம்புக்கு ஒரு பாடம் கட்டினேன்.

பிள்ளைகள் கணினி அறையில், வானத்திலிருந்து செய்மதி எடுத்து இணையத்தில் போட்டிருக்கும் படத்தில் தங்கள் வீட்டைத் தேடிப்பிடிக்க வேண்டும். அதை அச்செடுத்து, பாடசாலைக்கு வரும் பாதையைச் சிவப்பில் கீறி, வழியிலுள்ள முக்கியமான இடங்களைக் குறிக்க வேண்டும். செய்மதிக்குத் தெரியாத, ஆனால் அந்த வழியால் போகிற எல்லாருக்கும் தெரிந்த இடங்களைக் குறித்தால் கூடுதல் புள்ளி. பிறகு வீட்டுக்குப் போகும்போது தாளைக் கையில் வைத்து, ஒவ்வோர் இடமாகச் சரிபார்த்து, சரி அடையாளம் போட வேண்டும். அதுதான் கணிப்பீடு. பிள்ளை தன் பிழையைத் தானே பிடிக்கும். எவ்வளவு வடிவான பாடம்!

கலகெதரப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடொன்றிலிருந்து பஸ்ஸில் வருகிற தங்கேஸ்வரிதான் வகுப்பிலேயே அதிகம் துள்ளியவள். "டீச்சர், லயம் முழுக்க ஒரே தகரமா தெரியுது. எங்க வீட்டுத் தகரம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். தாய் கொழுந்து பறிக்கிறவர். தகப்பன் இல்லை.

அன்று பாடசாலை விட்டுக் கொஞ்ச நேரத்தில் கணினி ஆசிரியர் ஹபீல் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவரும் கலகெதர பஸ்ஸில்தான் போகிறவர்.

"டீச்சர், ஒங்கட தங்கேஸ்வரிய பாலத்தடியில புடிச்சிட்டாங்க. செக்கிங்குக்கு எல்லாரையும் எறக்கினாங்க. இந்தப் புள்ள ஆமிக்காரனுக்கு முன்னுக்கே நிண்டு தாள விரிச்சி சரி போடுது! பொலிஸுக்குக் கொண்டு போய்ட்டாங்க."

"என்னத்துக்குச் சரி போட்டவள்?"

"செக் பொயின்ட்டுக்குத்தான். எல்லாத்தையும் குறிச்சி வெச்சிருக்கு."

ஐயோ கடவுளே. நான் கோயிலையும் கடையையும் ஆலமரத்தையும் நினைத்துக்கொண்டு பாடம் கட்டினேன். அந்தப் பிள்ளைக்கு வழியில் முக்கியமான இடம் எது? தினமும் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டுகிற இடம். செய்மதிக்குத் தெரியாதது, எல்லாருக்கும் தெரிந்தது. நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறாள். சிவப்பு மையில்.

அதிபர் நவரட்ணராஜா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "நீங்கள் போகாதேங்கோ ரீச்சர். நான் கல்வித் திணைக்களத்துக்குப் போன் பண்ணிறன். உங்கட ஐடென்ரிக் கார்ட்டைப் பார்த்தால் அவங்கள் உங்களையும் உள்ளுக்குப் போடுவாங்கள்."

"அதுக்குள்ள பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிப் போட்டாங்கள் எண்டால்?"

கொழும்புக்குக் கொண்டுபோனவர்களைத் தேடித் தாய்மார் எத்தனை வாசல் ஏறி இறங்கினார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போகத்தான் வேண்டும். போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தையும் ஆலோசகர் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினேன்.

பொலிஸில் ஓர் அதிகாரி என் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. அதிலேயே அவர் விரல் நின்றது. மூலையில் தங்கேஸ்வரி வெள்ளைச் சீருடையோடு தரையில் குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் வேண்டாமென்று தலையாட்டினாள், என்னைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்பதுபோல.

"இவள் யாரும் சொல்லித் தரவில்லை, தானே கீறினேன் என்கிறாள்" என்றார் அதிகாரி சிங்களத்தில்.

"இல்லை சேர். நான் கொடுத்த வேலை." எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாடத்தை விளக்கினேன். பாடத்திட்டத்தைக் காட்டினேன். ஆலோசகரின் கையெழுத்தைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, தங்கேஸ்வரியின் தாளை எனக்கு முன்னால் தள்ளினார். பாலத்தடி, அதற்கப்பால் ஒன்று, சந்தியில் ஒன்று. பக்கத்தில் அழகான எழுத்தில் 'இங்கே பை பார்ப்பார்கள்' என்று எழுதியிருந்தாள்.

"அப்போ, டீச்சர், இது சரியா பிழையா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சரி என்றால், ஒரு தமிழ்ப் பிள்ளை பாதுகாப்புச் சாவடிகளைப் பிசகில்லாமல் வரைபடம் போட்டிருக்கிறாள், யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி அதை உறுதிப்படுத்துகிறாள்.

"பிழை" என்றேன்.

"அப்போ புள்ளி?"

"இல்லை."

"போடுங்கள்." தன் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை நீட்டினார்.

நான் சுழியம் போட்டேன். அது கோழி முட்டைபோல் கோணியது. கையெழுத்தும் வாங்கினார். இனி இப்படிப் பாடம் நடத்த மாட்டேன் என்று எழுதியும் வாங்கினார். தாளைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிப் போகச் சொன்னார்.

தாயிடம் நானே ஒப்படைக்கிறேன் என்று அவளோடு கலகெதர பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறையச் சனம். நான் அவள் கையை விடவேயில்லை. கொஞ்சத் தூரம் போனதும் அவள் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், எதுல பிழை விட்டேன்?"

முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சந்தியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். மண் மூட்டை, தகரக் கொட்டில், தோளில் துவக்கோடு ஓர் ஆமிப் பெடியன். தங்கேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தாள். பாதையின் எந்தப் பக்கம், எந்த வளைவுக்குப் பிறகு என்று அவள் மனசுக்குள் ஒத்துப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் படிப்பித்ததுதானே. முகம் மலர்ந்து என் காதருகே வந்தாள்.

"சரியாத்தானே டீச்சர் போட்டிருக்கேன்?"

"வாயைப் பொத்து" என்றேன்.

பிள்ளைகளைக் கேள்வி கேள், கேள்வி கேள் என்று ஆயுள் முழுக்கக் கத்தியவள் நான். அவள் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. அவளுடைய பையைத் திறந்து துவக்குக்காரனுக்கு நானே காட்டினேன்.