விழிஞ்ஞத்துப் பாறை

விழிஞ்ஞம் துறைமுகத் திட்டத்துக்கு வலியசாலை நாகேஸ்வரன் வரைந்த கடல் படத்தில் ஒரு சொட்டு ரசம் விழுந்தது. துடைத்தும் போகவில்லை. பேசாமல் அனுப்பிவிட்டான். கமிட்டி அதைப் பாறை என்று முடிவுகட்டி, வெடிவைத்துத் தகர்க்க உத்தரவு போட்டது.

பாறையை நேரில் பார்க்க இன்ஜினீயர் சற்குணம் கிளம்பிய அன்று நாகேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. பாறை இல்லையென்றால் அவன் உத்தியோகமும் இல்லை.

மாலையில் சற்குணம் திரும்பினார். பூட்ஸில் மணலும் இல்லை, ஈரமும் இல்லை.

“பாறையைப் பாத்தேளா சார்?”

“பாக்காம பின்னே? நீரு வரைஞ்சதைவிடப் பெரிசாக்கும். திருத்தி வையும் ஓய்.”

நாகேஸ்வரன் படத்தை விரித்து, தூக்குப்பாத்திரத்தைத் திறந்தான். மதியம் தொடாத ரசம் அப்படியே இருந்தது.