ஐந்து வகைச் சோறும் முட்டையளவு வயிறும்

முதல் கவளம் புளிச்சோறு. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா அதைக் கோழிமுட்டை அளவுக்கு உருட்டும்போதே புஷ்பவல்லிக்கு வியர்த்துவிட்டது. அவள் இரைப்பையே இப்போது அந்த அளவுதான்.

போன வருடம் கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்து அதைச் சுருக்கிக்கொண்டாள். கல்யாணமாகி ஏழு வருடம், நூற்றுப்பத்துக் கிலோ, நினைத்தால் வரும் மாதவிலக்கு. எடை குறைந்தால் எல்லாம் சீராகும், ஆனால் ஒன்றரை வருடத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்றார் டாக்டர். இத்தனை வருடம் வராததா இப்போது வந்துவிடப்போகிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் அசட்டையாக இருந்தார்கள். வருடம் முடிவதற்குள் நாள் தள்ளிப்போனது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடு, மாத்திரையை விடாதே, திணித்துக்கொண்டு வாந்தி எடுக்காதே, குழந்தை சின்னதாக இருக்கிறது என்றார். அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மாமியார் இராஜம்மா, வயிற்றில் கத்தி பட்டால் பிள்ளை தங்காது என்று ஒற்றைக்காலில் நின்றவர். அவரிடம் பித்தப்பைக் கல்லை எடுக்கத்தான் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் பரிமாறுவதையெல்லாம் ராதாகிருஷ்ணன்தான் பெண்டாட்டிக்காகத் தின்று தீர்த்தான். ஏழாம் மாதத்தில் கிள்ளான் பாசாரில் காய்கறி வாங்கும்போது இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவன் வயிற்றைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

இன்று வளைகாப்பிலும் அதே ஏற்பாடு. அவள் நாற்காலிக்குப் பின்னால் அறைத்திரை, திரைக்குப் பின்னால் அவன்.

"கையில குடுங்கக்கா, மெதுவா சாப்பிடுறேன்."

நுனியைக் கடித்துவிட்டு முந்தானைக்கடியில் பின்னால் நீட்டுவாள். எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அந்த வழியாகவே போயின.

"பாரு லா, நல்லாதான் சாப்பிடுறா!" என்று லெட்சுமி அக்கா பூரித்துப்போனார்.

கடைசியில் தயிர்ச்சோற்றோடு இராஜம்மா வந்தார். புஷ்பவல்லி வாங்குவதற்குள், பழக்கதோஷத்தில் திரையிலிருந்து கை நீண்டது. கல்யாண மோதிரம், விரலெல்லாம் நெய். புஷ்பவல்லிக்கு உயிரே போய்விட்டது.

இராஜம்மா கையைப் பார்த்தார். குனிந்து மருமகள் காதோரம், "கல்லை எடுத்தா எவடி பாதி ஒடம்பா ஆவா? எவ்ளோதான் எறங்கும் உனக்கு?" என்றார்.

"மூணு வாய் அத்தை. புள்ளைக்குப் பத்தாம போயிருமோன்னு பயமா இருக்கு." அவள் அழுதேவிட்டாள்.

இராஜம்மா குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஒரு சிட்டிகைச் சோற்றை அவள் வாயில் வைத்தார். அவள் விழுங்கும்வரை காத்திருந்து இன்னொரு சிட்டிகை வைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, திரையில் நீண்டிருந்த கைக்கு மணிக்கட்டுவரை பூசி, குங்குமம் வைத்து, மீதிச் சோற்றை ஒரே உருண்டையாக அதில் வைத்தார்.

கை உள்ளே போகவில்லை. சோற்றை ஏந்தியபடியே நீண்டிருந்தது.